பிக்கப் வண்டியும் அதன் மேற்கூடும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குப் பிரதேசங்களில், ஊருக்கும் ஊருக்கும் நடுவே பாலை நிலமும் மலையுமாகவே பல மைல் தூரம் பரந்து கிடக்கும் யூட்டா, நெவாடா, வையோமிங் போன்ற மாநிலங்களில், பிக்கப் வண்டி மிகச் சாதாரணமான காட்சி. முன்னே மனிதர் அமர ஓர் அறையும் பின்னே சாமான் ஏற்ற ஒரு திறந்த தொட்டியும் கொண்ட இவ்வாகனம், வேலை நாட்களில் மரப்பலகையும் சிமெண்டு மூட்டையும் சுமக்கிறது; விடுமுறை வந்ததும், அதே தொட்டியின்மேல் ஒரு கூட்டைக் கவிழ்த்துப் பூட்டிக்கொண்டு, உடையவரை மலையடிவாரத்துக்கு இட்டுச் சென்று இரவில் உறங்கவும் இடம் தருகிறது. மத்திய அரசின் நில நிர்வாக இலாகா வசம் மட்டும் அந்நாட்டில் சுமார் 24 கோடி ஏக்கர் பொது நிலம் இருப்பதாலும், அதன் பெரும்பகுதியில் ஒரே இடத்தில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்க அநுமதி உண்டு என்பதாலும், வண்டியிலேயே படுத்து எழுந்து பிரயாணம் செய்யும் வழக்கம் அங்கே ஆழ வேரூன்றியிருக்கிறது.

இத்தகைய உபயோகத்துக்கு நடுத்தர அளவுள்ள பிக்கப் வண்டி ஒன்றை வாங்க நினைப்பவர் மூன்று விஷயங்களைத் தீர்மானித்தாக வேண்டும். முதலாவது எஞ்சின், இரண்டாவது, எஞ்சினின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்க்கும் இயக்க அமைப்பு, மூன்றாவது, தொட்டியை மூடும் கேம்பர் ஷெல் என்னும் மேற்கூடு. விளம்பரங்கள் எஞ்சினையே முதலில் பேசுகின்றன. வாங்குகிறவரும் குதிரைச் சக்தியைக் கேட்டு மகிழ்ந்து, பிறகு இயக்க அமைப்பைப் பற்றிச் சிறிது விசாரித்து, கூட்டைப் பற்றிய யோசனையை வண்டி வீடு வந்து சேர்ந்த பிறகு வைத்துக்கொள்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பி, சுமையையும் கூட்டையும் முதலில் நிச்சயித்து, பாதையைப் பார்த்து இயக்க அமைப்பை நிச்சயித்து, எஞ்சினைக் கடைசியில் தேர்ந்தெடுப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை இக்கட்டுரை விளக்க முயலும்.

நடுத்தரப் பிக்கப் என்னும் இனம் உருவான வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது அவசியம். ஜப்பானிலிருந்து டாட்சனும் டொயோட்டாவும் கொண்டுவந்த சிறு வண்டிகளே அமெரிக்கருக்கு அடக்கமான பிக்கப்பைப் பழக்கின. 1983-ஆம் ஆண்டு மாதிரியாக ஃபோர்டு ரேஞ்சர் வந்தது. 1987-இல், சிறியதற்கும் பெரியதற்கும் இடைப்பட்ட அளவில் டாட்ஜ் டகோட்டா வந்தது. 1995-இல் டொயோட்டா நிறுவனம் வட அமெரிக்காவுக்கென்றே டகோமா என்னும் வண்டியை வெளியிட்டது. இந்தியச் சாலைகளில் 2022 முதல் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ், டகோமாவுக்குச் சகோதரன் முறை ஆக வேண்டியதாயினும், டீசல் எஞ்சினுடன் உலகெங்கும் செல்லும் அது அமெரிக்காவில் விற்கப்படுவதில்லை. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பியர் விதித்த வரிக்குப் பதிலடியாக ஜனாதிபதி ஜான்சன் இறக்குமதி லாரிகள்மீது 25 விழுக்காடு வரி விதிக்க, 1964-இல் அமலுக்கு வந்த அவ்வரி இன்றளவும் நீங்கவில்லை. டீசல் புகைமீது அந்நாடு விதித்திருக்கும் கடுமையான கட்டுப்பாடுகளும் அதனோடு சேர்ந்துகொண்டன. ஆகவே அங்கே கிடைக்கும் வண்டிகளுக்கென்றே ஒரு தனிக் குணம் அமைந்துவிட்டது: பெட்ரோல் எஞ்சின், 5 அடி அல்லது 6 அடி நீளத் தொட்டி, குடும்பம் அமரத்தக்க நான்கு கதவு அறை.

இனிச் சுமையைப் பார்ப்போம். அமெரிக்காவில் விற்கப்படும் எந்த நடுத்தரப் பிக்கப்பிலும் ஓட்டுநரின் கதவைத் திறந்தால், கதவு வந்து பொருந்தும் தூணில் ஒரு சிறு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். டயர்களில் நிரப்ப வேண்டிய காற்றின் அளவோடு, ஏறுகிற மனிதரும் ஏற்றுகிற சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேற்படக் கூடாது என்னும் வரம்பும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். விளம்பரப் புத்தகத்தில் காணும் பெரிய எண் அந்த வரிசையில் மிக இலேசான வண்டிக்கு உரியது. வாங்கப்போகும் வண்டிக்குரிய உண்மையான எண் இந்தச் சீட்டில்தான் இருக்கிறது. நான்கு கதவு, நாலு சக்கர இயக்கம், அடிப்பாகத்தைக் காக்கும் இரும்புத் தகடு, கலப்பின எஞ்சினுக்குரிய பாட்டரி என்று விசேஷங்கள் சேரச் சேர, வண்டியின் சொந்த எடை ஏறி, அது சுமக்கக்கூடிய எடை அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சீட்டு 540 கிலோ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் 150 கிலோ. ஃபைபர்கிளாஸ் கூடு 80 கிலோ. படுக்கைக்கான பலகை மேடையும் மெத்தையும் 70 கிலோ. 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ. குளிர்ப்பெட்டியும் அதற்கான பாட்டரியும் 50 கிலோ. உணவு, துணிமணி, கருவிகள், அடுப்பு எல்லாம் சேர்ந்து 80 கிலோ. ஆக 470 கிலோ. மீதி 70 கிலோதான்; இரண்டு குழந்தைகள் ஏறிக்கொண்டால் அதுவும் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். ஆடம்பரம் எதுவும் இல்லாத இந்தப் பட்டியலே வரம்பைத் தொட்டுவிடுவதைக் கண்ட பிறகு, கூட்டை ஓர் அலங்காரப் பொருளாக நினைக்க மனம் வராது. பின்புறம் தாழ்ந்துபோன வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து நிமிர்த்திவிடுவோர் பலர் உண்டு. அதனால் வண்டியின் உயரம் மீளுமே தவிர, அதன் அச்சுக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் சாசிக்கும் உற்பத்தியாளர் நிர்ணயித்த வரம்பு ஒரு கிலோவும் கூடுவதில்லை.

கூட்டின் வகைகள் பல. இவற்றுள் மிகப் பழகியது, முன்னறையின் உயரத்துக்குச் சமமாக, அச்சில் வார்த்து வண்டியின் நிறத்திலேயே வர்ணம் பூசிய ஃபைபர்கிளாஸ் கூடு. ஏறத்தாழ 70 முதல் 90 கிலோ எடையுள்ள இதைத் தொட்டியின் விளிம்பில் பஞ்சு போன்ற ரப்பர் நாடாவை ஒட்டி, அதன்மேல் வைத்து, உட்புறமிருந்து இறுக்குப் பிடிகளால் முடுக்கிவிடுகிறார்கள். தொட்டியில் துளையிட வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை. கலிபோர்னியாவின் ஸ்னக்டாப், இண்டியானாவின் லியர் முதலான நிறுவனங்கள் பல்லாண்டுகளாக இத்தொழிலில் பெயர் பெற்றவை. ஒவ்வொரு வண்டிக்கும், அதிலும் ஒவ்வொரு தலைமுறைக்கும், தொட்டியின் நீளத்துக்கும் தனித்தனி அச்சு உண்டாகையால், ஒன்றின் கூடு மற்றொன்றுக்குப் பொருந்தாது. பழைய கூட்டை மலிவாக வாங்க எண்ணுவோர் இதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். தொழிலாளர் விரும்புவது அலுமினியக் கூடு. பக்கவாட்டில் கதவு வைத்துக் கருவிகளை எடுக்க வசதியானது. மிக இலேசானது குழாய்ச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ் கூடு; ஆனால் அதற்குப் பூட்டின் பாதுகாப்பு இல்லை.

இவற்றுக்கு மேற்பட்ட நிலையில், பகலில் தாழ்ந்து கிடந்து, இரவில் கூரையைத் தூக்கி நிறுத்தினால் துணிச் சுவர்களோடு மேலே ஒரு படுக்கை விரியும் கூடுகள் இருக்கின்றன. மோண்டானா மாநிலத்தில் செய்யப்படும் கோஃபாஸ்ட் கூடு இவ்வகையில் பிரசித்தமானது. அதற்கும் மேலே, அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கட்டிலும் கொண்ட ஓர் அறையையே தொட்டிக்குள் தூக்கி வைக்கும் வகை உண்டு. எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் தம் நாயோடு நாட்டைச் சுற்றி வந்தது அத்தகைய அறை ஒன்றை ஏற்றிய ஜி.எம்.சி. பிக்கப்பில்தான், டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரால் ரோசினான்ட்டே என்று அவர் அழைத்த அவ்வண்டி, கலிபோர்னியாவின் சாலினாஸ் நகரில் அவர் பெயரால் அமைந்த நிலையத்தில் இன்றும் காட்சிக்கு நிற்கிறது. ஆனால் அது பெரிய அளவுப் பிக்கப். அத்தகைய அறை சாமான்களோடு சேர்ந்து அரை டன் எடையைச் சுலபமாகத் தொட்டுவிடும் என்பதால், நடுத்தர வண்டிக்காரர் அதைக் கண்டு ஆசைப்படுமுன் கதவுத் தூணின் சீட்டை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

கூட்டின் உள்ளே உறங்குவதற்கும் சில நியதிகள் உண்டு. 6 அடித் தொட்டியில் சராசரி உயரமுள்ளவர் பின்பலகையை மூடிக்கொண்டு நேராகப் படுக்கலாம். 5 அடித் தொட்டியில் மூலைக்கு மூலை குறுக்காகப் படுக்க வேண்டும், அல்லது பலகையைத் திறந்து வைத்துக் கால் நீட்ட வேண்டும். சக்கர மேடுகளின் உயரத்துக்கு ஒரு பலகை மேடை அமைத்துக்கொண்டால், தொட்டியின் முழு அகலமும் படுக்கைக்கும், அடியிலுள்ள இடம் சாமானுக்கும் ஆகும். அவ்வாறு சாமான் அடுக்கும்போது, பாரவண்டி ஏற்றுகிறவன் முன்பாரம் பின்பாரம் பார்த்து ஏற்றுவதுபோல, தண்ணீரும் பாட்டரியும் போன்ற கனத்த பொருள்களைப் பின்னச்சுக்கு முன்னே, தரையோடு தாழ்வாக வைத்தல் வேண்டும். கூரையின்மேல் ஏற்றிய பாரம் வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும். மூச்சின் ஈரம் இரவில் குளிர்ந்து கூரையில் நீராக வடியும் என்பதால், எதிரெதிர்ப் பக்கத்து ஜன்னல்களைச் சிறிது திறந்து வைப்பது நல்லது. எஞ்சினை ஓடவிட்டுக் கூட்டுக்குள் உறங்குவதும், உள்ளே அடுப்பு மூட்டுவதும் உயிருக்கே ஆபத்து. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

தூசியின் தொல்லை புதியவர்க்குப் புரியாத புதிர். எல்லாக் கண்ணாடிகளையும் இறுக மூடி மண்பாதையில் பத்து மைல் சென்று திரும்பிப் பார்த்தால், படுக்கை முழுதும் செம்புழுதி படிந்திருக்கும். ஓடும் வண்டியின் பின்னே காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பிய புழுதி அங்கேயே சுழன்று, பின்பலகையின் கீல்களுக்கு அருகிலுள்ள இடைவெளி வழியே உள்ளே இழுக்கப்படுவதே இதற்குக் காரணம். அந்த இடைவெளியை ரப்பர்ப் பட்டையால் அடைத்து, கூட்டின் முன்பகுதியில் காற்று உட்புகும் சிறு திறப்பு ஒன்றை வைத்தால், உள்ளே அழுத்தம் சற்றே மிகுந்து புழுதியை வெளியே நிறுத்திவிடும்.

சுமையும் கூடும் நிச்சயமான பின், எந்தப் பாதையில் செல்வது என்னும் கேள்வி இயக்க அமைப்பைத் தீர்மானிக்கிறது. பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் வண்டி இலேசானது, விலை குறைந்தது, உலர்ந்த மண்பாதை வரையில் போதுமானது. அதன் பலவீனம் டிஃபரென்ஷியலில் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட இடம் கொடுக்கும் அந்தப் பல்சக்கரத் தொகுதி, இரண்டு சக்கரங்களுக்கும் சமமான முறுக்கு விசையையே அனுப்பும் இயல்புடையது, ஆகவே ஒரு சக்கரம் சேற்றில் பிடியிழந்து வழுக்கும்போது, அதைச் சுழற்றப் போதுமான மிகச் சிறு விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கும், வண்டி நகராது. டிஃபரென்ஷியலைப் பூட்டிவிடும் லாக்கர் என்னும் சாதனம் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகவே சுழலச் செய்து, பிடியுள்ள சக்கரத்தின் முழுப் பயனையும் பெற்றுத் தருகிறது. பின்னச்சில் லாக்கருள்ள இருசக்கர இயக்க வண்டி பலருடைய தேவைக்குத் தாராளமாகப் போதும்.

நாலு சக்கர இயக்கத்தில் பெரும்பான்மையானது, வேண்டும்போது மட்டும் முன்னச்சை இணைக்கும் வகை. கியர் பெட்டியின் பின்னே பொருத்தப்பட்ட டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பெட்டி, சக்தியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்தனுப்புகிறது. இவ்வகையில் நடுவே டிஃபரென்ஷியல் இல்லாததால், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு நீள வளைவுகளில் ஓட வேண்டிய திருப்பங்களில், உலர்ந்த தார்ச்சாலையில் உறுப்புகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு இறுகும். ஆகவே பனியிலும் சேற்றிலும் மணலிலும் மட்டுமே அதை இணைக்க வேண்டும். அப்பெட்டியிலுள்ள தாழ்நிலைக் கியரே மலைப் பாதையின் உயிர்நாடி. மூன்றாம் தலைமுறை டகோமாவில் தாழ்நிலை விகிதம் 2.57, தானியங்கிக் கியர் வண்டியில் அச்சின் விகிதம் 3.91, முதல் கியர் ஏறத்தாழ மூன்றரை. மூன்றையும் பெருக்கினால், எஞ்சினின் முறுக்கு சக்கரத்தை அடையும்போது சுமார் 35 மடங்காகிறது. ஜீப் கிளாடியேட்டரின் ரூபிகான் மாதிரியில் தாழ்நிலை விகிதமே 4. கைமுறைக் கியர் கிடைத்த ஆண்டுகளில் அது மொத்தம் 84 மடங்கு வரை எட்டியது. தாழ்நிலைக் கியரின் பயன் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிகம்; பிரேக்கைச் சூடாக்காமல், எஞ்சினின் தடுப்பாலேயே வண்டி நடைவேகத்தில் இறங்கும். யூட்டாவின் கேனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவிலுள்ள, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளமான ஒயிட் ரிம் பாதைக்குத் தாழ்நிலைக் கியருள்ள நாலு சக்கர இயக்க வண்டி வேண்டும் என்று பூங்கா நிர்வாகமே விதித்திருப்பதன் காரணமும் அப்பாதையின் செங்குத்தான பகுதிகளே. ஹோண்டா ரிட்ஜ்லைன் நான்கு சக்கரங்களாலும் இயங்கி, காரின் சுகத்தோடு பனிச்சாலையில் சிறப்பாக ஓடினாலும், அதில் தாழ்நிலைக் கியர் கிடையாது.

இயக்க அமைப்பைப் பற்றிச் சொல்லும்போது டயரையும் சொல்லியாக வேண்டும். சுமார் 30.6 அங்குல விட்டமுள்ள டயரைக் கழற்றி 33 அங்குல டயரை மாட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கிட்டத்தட்ட 8 விழுக்காடு அதிக தூரம் ஓடுகிறது. அதாவது எல்லாக் கியரும் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடுகின்றன. கூட்டின் பாரமும் சேர்ந்துகொண்டால், எஞ்சினில் ஏதோ கோளாறு என்று உடையவர் மயங்குவார். கோளாறு உண்மையில் விகிதத்தில் இருக்கும்.

கடைசியாக எஞ்சின். இங்கே ஓர் ஒப்பீடு பல விளக்கங்களுக்குச் சமம். 2016 முதல் வந்த டகோமாவின் 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் 278 குதிரைச் சக்தி உடையது. 2024-இல் அதற்குப் பதிலாக வந்த 2.4 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சினும், தானியங்கிக் கியருடன், அதே 278 குதிரைச் சக்தி உடையதுதான். ஆயினும் முன்னது தன் உச்ச முறுக்கான 265 அடி-பவுண்டை நிமிஷத்துக்கு 4,600 சுற்றில் தர, பின்னது 317 அடி-பவுண்டை 1,700 சுற்றிலேயே தந்துவிடுகிறது. பாரமேற்றிய வண்டி மலையேறும்போது, முதல் எஞ்சின் கியரைக் கீழே இறக்கி இறக்கி இரைந்தாக வேண்டும். இரண்டாவது அதே கியரில் அமைதியாக ஏறும். குதிரைச் சக்தி வண்டி எவ்வளவு விரைவாக வேலையை முடிக்கும் என்பதைக் காட்டுவது. சுமையை இழுக்கும் இயல்பு, முறுக்கு எந்தச் சுற்றில் பிறக்கிறது என்பதில் இருக்கிறது.

டர்போ எஞ்சினுக்கு மலைநாட்டில் மற்றொரு நன்மையும் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் காற்று நலிவதால், சாதாரண எஞ்சின் சுமார் 3 விழுக்காடு சக்தியை இழக்கிறது. கொலராடோவில் 70-ஆம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரை ஊடுருவும் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேல் இருக்கிறது. 278 குதிரைச் சக்தி அங்கே 200-க்கும் கீழே இறங்கிவிடும். வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ, இந்த நஷ்டத்தில் பெரும்பங்கை ஈடுசெய்கிறது. இதற்கு விலை இல்லாமல் இல்லை: அது மிகுந்த சூட்டில் வேலை செய்கிறது, எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும், பாரத்தோடு விரட்டினால் பெட்ரோலையும் தாராளமாகக் குடிக்கிறது. எளிமையை நாடுவோர்க்கு, டர்போ இல்லாத 3.8 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு 310 குதிரைச் சக்தியுள்ள நிசான் ஃப்ராண்டியர் இன்னும் கிடைக்கிறது. சமவெளியில் வாழ்ந்து, வண்டியை நெடுங்காலம் வைத்துக்கொள்ள நினைப்பவர்க்கு அது நேர்மையான தேர்வு.

டீசலை விரும்பியவர்க்குச் செவ்ரோலெ கொலராடோவில் 181 குதிரைச் சக்தியும் 369 அடி-பவுண்டு முறுக்கும் கொண்ட 2.8 லிட்டர் எஞ்சின் 2016 முதல் 2022 வரையில் கிடைத்தது. நெடுஞ்சாலையில் லிட்டருக்குச் சுமார் 12 கிலோமீட்டர் ஓடிய அதைப் பழைய வண்டிச் சந்தையில் இன்றும் தேடுகிறார்கள். கிளாடியேட்டரின் டீசலும் 2023-உடன் நின்றுவிட்டது. மின்மோட்டார் இணைந்த டகோமாவின் கலப்பின எஞ்சின் 326 குதிரைச் சக்தியும் 465 அடி-பவுண்டும் தருவது வியப்புக்குரியதே. ஆயினும் பின்னிருக்கைக்கு அடியில் அமர்ந்திருக்கும் பாட்டரியும் மோட்டாரும் வண்டியின் எடையைக் கூட்டிச் சுமக்கும் வரம்பைக் குறைக்கின்றன. கூட்டோடு செல்பவர் இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கவனித்தல் வேண்டும்.

மூன்று தேர்வுகளும் தனித்தனி அல்ல, ஒரே தேர்வின் மூன்று முகங்கள் என்பது இதுவரை சொன்னவற்றால் விளங்கியிருக்கும். அரிசோனாவின் உலர்ந்த காட்டுப் பாதைகளில் வாரக் கடைசியைக் கழிக்கும் தம்பதிக்கு, 6 அடித் தொட்டி, ஃபைபர்கிளாஸ் கூடு, பின்லாக்கருள்ள இருசக்கர இயக்கம், அடிப்படை எஞ்சின் இவை போதும். மிச்சப்படும் பணமும் எடையும் தண்ணீருக்கும் உணவுக்கும் இடமளிக்கும். கொலராடோவின் உயர்ந்த கணவாய்களைக் கடந்து பனிக்காலத்திலும் தங்க விரும்புபவர்க்கு, கூரை எழும் கூடும், தாழ்நிலைக் கியரும், டர்போவும் நியாயமான தேவைகள். நான்கு பேர் கொண்ட குடும்பம் எல்லா வசதிகளையும் ஒரே வண்டியில் விரும்பினால், நடுத்தர வண்டியை விட்டுப் பெரிய பிக்கப்புக்குப் போவதே உத்தமம். சின்ன வண்டியை வாங்கி அதன் வரம்பை மீறுவதைவிட அது ஆயிரம் மடங்கு பத்திரமானது.

ஆகவே வாங்கப் போகிறவர் முதலில் ஒரு காகிதத்தில் தாம் ஏற்றப்போகும் ஒவ்வொரு பொருளின் எடையையும் எழுதிக் கூட்டட்டும். அந்தத் தொகையோடு விற்பனைக் கூடத்துக்குப் போய்க் கதவைத் திறந்து சீட்டைப் படிக்கட்டும். வண்டி வந்து கூடும் பொருந்திய பின், முழுப் பாரத்தோடு, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள பொது எடைமேடையில் ஒரு முறை ஏற்றி, முன்னச்சையும் பின்னச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கட்டும். சிறிய எஞ்சினோடு மெதுவாக மலையேறலாம். லாக்கர் இல்லாவிட்டால் கடினமான பாதையைத் தவிர்த்துவிடலாம். மிகையான சுமையை மட்டும் எந்தச் சாமர்த்தியத்தாலும் சமாளிக்க முடியாது, ஏனெனில் அது ஒவ்வொரு இறக்கத்திலும் பிரேக்கையும், ஒவ்வொரு வளைவிலும் டயரையும், அவற்றை நம்பி உட்கார்ந்திருப்பவரின் உயிரையும் சோதித்துக்கொண்டே வரும்.